ஆலைக்குப் போக வந்தவர்

1959ல் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். பெரிய கணித அறிஞராகும் எண்ணமெல்லாம் அப்போது அவருக்கு இல்லை. தரக் கட்டுப்பாடு கற்றுக்கொண்டு ஏதாவது ஓர் ஆலையில் நல்ல வேலைக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். பொன்னேரியில் படித்து வளர்ந்தவர். அப்பா ரங்க ஐயங்கார் அங்கே பள்ளித் தலைமையாசிரியர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெயர் சீனிவாச வரதன். 2007ல் கணிதத்துக்கான ஏபல் பரிசைப் பெற்றவர் இவர்தான்.

ஆலைக்குப் போக வந்தவர் எப்படி வழி மாறினார் என்பதை அவரே நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். உடன் படித்தவர்களும் தங்கள் பங்குக்குச் சொல்லியிருக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்கு எதை ஆராய்வது என்று விழித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு ஆய்வு முறையியல் புத்தகங்களைவிட இந்தக் கதை உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தரக் கட்டுப்பாட்டை வரதன் தேர்ந்தெடுத்ததில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் பெல் தொலைபேசிக் குழுமத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் 1924ல் உருவாக்கிய வரைபடம் அன்று உலகத் தொழிற்சாலைகளை ஆண்டுகொண்டிருந்தது. நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் ஒவ்வொரு எல்லைக்கோடு. இயந்திரத்திலிருந்து வரும் பொருள்களை அவ்வப்போது அளந்து புள்ளி வைத்துக்கொண்டே வருவார்கள். புள்ளி எல்லை தாண்டினால் இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று பொருள். நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் அழைத்ததன் பேரில் ஷூஹார்டே 1947-48ல் இந்தியா வந்து இதையெல்லாம் விளக்கிவிட்டுப் போயிருந்தார். ஐம்பதுகளில் நிறுவனம் பம்பாய் போன்ற தொழில் நகரங்களில் இதற்கென்று தனிப் பிரிவுகளைத் திறந்தது. புள்ளியியல் படித்த பையனுக்கு உறுதியான சம்பளம் கிடைக்கும் வழி அது. நடுத்தர வர்க்கத்து வீட்டில் யாரும் அதைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நிறுவனமும் அன்று அப்படிப்பட்ட இடம்தான். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931ல் தொடங்கியது. வடக்குக் கல்கத்தாவின் பாரக்பூர் டிரங்க் ரோட்டில் வளாகம். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு இங்கேதான் உருவானது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கும் இதுவே தாய்வீடு. நாட்டின் முதல் மின்னணுக் கணினியை 1956ல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து இங்கேதான் நிறுவினார்கள். இங்கிலாந்தை உதறிவிட்டு வந்த உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன், கதர் குர்த்தாவில் இதே வளாகத்தில் உலவிக்கொண்டிருந்தார். பயிர் விளைச்சல், சணல் மகசூல், மண்டையோட்டு அளவு, ஆற்று வெள்ளம் என்று எதையும் எண்ணிக் கணக்குப் போடும் இடத்தில் தூய கணிதத்துக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டிருந்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

வரதன் சில மாதங்கள் தரக் கட்டுப்பாட்டில் இருந்து பார்த்தார். மனம் ஒட்டவில்லை. அந்தத் துறையில் கணிதம் ஓரளவுக்குத்தான். மீதியெல்லாம் ஆலை நிர்வாகம், அளவெடுப்பு, அறிக்கை. அது ஒரு குறையல்ல. அந்த வேலையின் இயல்பே அதுதான். ஆனால் இவருக்குப் பள்ளி நாளிலேயே வேறொரு ருசி பழகியிருந்தது.

பொன்னேரியில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் நன்றாகப் படிக்கும் சில பையன்களை வார இறுதியில் வீட்டுக்கு வரச் சொல்வாராம். பாடத்திட்டத்துக்குத் தொடர்பே இல்லாத கணக்குகளைப் புதிர் போடுவதுபோல் போட்டு, விளையாட்டாகவே விடை தேட விடுவாராம். மதிப்பெண் கிடையாது, தேர்வு கிடையாது. கணிதம் என்பது விளையாட்டு என்ற எண்ணம் அங்கே விதைக்கப்பட்டதாக வரதன் பின்னாளில் சொன்னார். அந்த ருசி கண்டவர் ஆலை வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார முடியும்?

இந்த இடத்தில்தான் பக்கத்து மேசைக்காரர்கள் வருகிறார்கள்.

வரதன் போய்ச் சேர்ந்தபோது நிறுவனத்தில் அவருக்கு மூத்தவர்களாக மூன்று பேர் இருந்தார்கள். ஆர். ரங்கா ராவ், கே. ஆர். பார்த்தசாரதி, வி. எஸ். வரதராஜன். மூத்தவர்கள் என்றால் பெரிய வயதில்லை. பார்த்தசாரதி 1936ல் சென்னையில் பிறந்து மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் படித்தவர். வரதராஜன் அவருக்கு ஒரு வயது இளையவர். மாநிலக் கல்லூரியில் வரதனுக்கு முன்னால் படித்துவிட்டுப் போனவர். இந்த நால்வரையும் பின்னாளில் நிறுவனத்தின் ‘புகழ்பெற்ற நால்வர்’ என்று அழைத்தார்கள். கல்கத்தாவின் புள்ளியியல் கோட்டைக்குள் தென்னாட்டிலிருந்து வந்த நான்கு பையன்கள் நவீனக் கணிதத்தைத் தாங்களாகவே படித்துக்கொண்டிருந்தார்கள் என்றால் இன்று நம்புவது கஷ்டம்.

தாங்களாகவே என்றால் உண்மையிலேயே தாங்களாகவே. அங்கே இடவியலோ குலக் கோட்பாடோ வகுப்பெடுத்துச் சொல்லித்தர ஆள் இல்லை. ஒருவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் படிப்பார். மற்றவர்களுக்குக் கரும்பலகையில் விளக்குவார். மற்றவர்கள் குறுக்கே கேட்டுக் குடைவார்கள். அடுத்த முறை வேறொருவர். சோவியத் கணித அறிஞர்கள் கொல்மகோரவும் கிநெதென்கோவும் சேர்ந்து எழுதிய எல்லைப் பரவல்கள் பற்றிய நூல் இந்தத் துறையில் வேதம்போல. சோவியத் நாட்டில் 1956ல் நிகழ்தகவுக்கென்றே ஒரு ஆய்விதழ் தொடங்கப்பட்டது. அதன் முதல் ஆண்டிலேயே யூரி புரோகரவ் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எண்களின் பரவல்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த துறையை, பாதைகள், சார்புகள் போன்ற சிக்கலான பொருள்களின் பரவல்களுக்கும் திறந்துவிட்ட கட்டுரை அது. உலகில் அதை ஊன்றிப் படித்தவர்கள் குறைவு. கல்கத்தாவில் இவர்கள் படித்தார்கள்.

1960ல் வரதராஜன் அமெரிக்கா போய்விட்டார். மீதி மூவரும் சேர்ந்து உழைத்தார்கள். அவர்கள் கையில் எடுத்த கேள்வியைக் கணிதம் படிக்காதவருக்கும் ஓரளவு சொல்லிவிடலாம்.

சின்னச் சின்னத் தற்செயல் எண்கள் ஏராளமானவற்றைக் கூட்டினால் கூட்டுத்தொகை மணி வடிவ வளைவில் அமையும். இதுதான் மைய எல்லைத் தேற்றம். எல்லாப் புள்ளியியல் மாணவரும் படிப்பது. எண்களுக்கு இந்தக் கதை முப்பதுகளிலேயே லெவி, கின்சின், கொல்மகோரவ் ஆகியோர் கையில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சரி, கூட்டப்படுவது சாதாரண எண்ணாக இல்லாவிட்டால்? கடிகாரத்தில் பத்தும் ஐந்தும் கூட்டினால் மூன்று. அங்கேயும் கூட்டல் உண்டு, ஆனால் எண்கோட்டில் உள்ள கூட்டல் அல்ல. அந்த முள்ளைத் தற்செயலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் எங்கே நிற்கும்? மணி வளைவு வராது. முள் வட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு நிற்கும். தள்ளுவதெல்லாம் முழு மணிக்கணக்கில் என்றால் பன்னிரண்டு எண்களில் மட்டும் நிற்கும். எண்கோட்டில் காணவே முடியாத விளைவுகள் இவை. கடிகாரம் எளிய எடுத்துக்காட்டு. குலம் என்று கணிதத்தில் சொல்லப்படும் அமைப்புகள் இதைவிடப் பல மடங்கு சிக்கலானவை. திசைகளுக்கு முடிவே இல்லாத ஹில்பர்ட் வெளி வேறு இருக்கிறது. அங்கெல்லாம் எல்லைத் தேற்றங்கள் என்ன ஆகும்? லெவியும் கின்சினும் கொடுத்த சூத்திரத்துக்கு அங்கே என்ன வடிவம்?

1962லும் 1963லும் மூவர் பெயரில் இதைப் பற்றிய கட்டுரைகள் அமெரிக்க ஆய்விதழ்களில் வந்தன. ஹில்பர்ட் வெளியில் கூட்டுத்தொகைகளின் எல்லைத் தேற்றங்களை வரதன் தனியாக எழுதி, நிறுவனத்தின் ‘சங்க்யா’ இதழில் 1962ல் வெளியிட்டார். இவற்றைச் சுற்றித்தான் அவருடைய ஆய்வேடு அமைந்தது.

ஆய்வுக்கு உகந்த கேள்வியின் இலக்கணம் என்று ஒன்றை நான் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன். பழைய இடத்தில் விடை முழுதும் தெரியும். ஆகவே புதிய இடத்தில் எதைத் தேடுகிறோம் என்பதில் குழப்பமில்லை. ஆனால் பழைய கருவி அங்கே அப்படியே வேலை செய்யாது. ஆகவே வெறும் நகலெடுப்பும் அல்ல. பாதி விடை கிடைத்தாலும் ஒரு கட்டுரை தேறும். முழு விடை கிடைக்காமல் போனால் ஏன் கிடைக்கவில்லை என்பதே ஒரு முடிவாகும். மூன்றாண்டு உதவித்தொகையில் வாழும் மாணவனுக்கு இந்தக் கடைசிக் குணம் மிக முக்கியம். ரீமன் கருதுகோளைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பிக் காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

இதிலெல்லாம் நெறியாளர் எங்கே என்று கேட்கலாம். நெறியாளர் சி. ஆர். ராவ். அன்றே உலகப் புகழ் பெற்றிருந்த புள்ளியியலாளர். மாணவர்கள் செய்துகொண்டிருந்த அருவக் கணிதம் அவருடைய சொந்தத் துறை அல்ல. என் வேலையில் ஒரு துண்டை எடுத்துச் செய் என்று அவர் சொல்லியிருக்கலாம். பதவியும் பெயரும் இருந்தன. சொல்லவில்லை. விட்டுவிட்டார். தரக் கட்டுப்பாட்டுக்கு வந்த பையன் குலங்களுக்குள் போய்விட்டானே என்று கயிறு கட்டி இழுக்கவும் இல்லை. நம் பல்கலைக்கழகங்களில் இன்று இதைச் செய்யத் துணியும் நெறியாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ராவ் ஏன் அப்படி இருந்தார் என்பதற்கு அவருடைய சொந்தக் கதையில் விடை இருக்கிறது.

1920ல் அன்றைய சென்னை மாகாணத்து ஹடகலியில் பிறந்த தெலுங்கர் அவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு, போர்க்கால வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்காகக் கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை. அங்கே தங்கியிருந்தபோது, புள்ளியியல் பயிற்சிக்கு வந்திருந்த ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தார். அதன் வழியாக 1941ல் நிறுவனத்துக்குள் வந்துவிட்டார். 1944ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மாதிரிகள் மிகப் பெரியவையாக இருந்தால் மட்டும் பொருந்தும், ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் ஃபிஷரின் முடிவு ஒன்றை விளக்கினார். வகுப்பில் இருந்த வி. எம். தாண்டேகர் எழுந்து, சின்ன மாதிரிக்கு இப்படி ஒன்று உண்டா என்று கேட்டார். இந்தியாவின் வறுமை பற்றிய ஆய்வால் பின்னாளில் பெயர் பெற்ற பொருளியலாளர் தாண்டேகர்தான் அவர். ராவிடம் அப்போது பதில் இல்லை. அன்று இரவே உட்கார்ந்து விடை கண்டுபிடித்தார். 1945ல் வெளிவந்த அந்தக் கட்டுரையிலிருந்துதான் கிராமர்-ராவ் எல்லை என்று இன்று உலகமே படிக்கும் முடிவு வந்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்பே, ஒரு மாணவர் கேட்ட கேள்வியால், ராவின் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

பட்டத்துக்கான ஆய்வோ எலும்புக்கூடுகளோடு வந்தது. சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் மருந்து வணிகர் ஹென்றி வெல்கம் செலவில் முதல் உலகப் போருக்கு முன் தோண்டியெடுத்த எலும்புகள் கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவற்றின் அளவுகளை வைத்து அந்த மக்கள் எந்த இனத்தாருக்கு நெருக்கம் என்று கணிக்க, மகலனோபிஸ் கண்ட தொலைவு முறை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. 1946ல் ராவ் போனார். பகலில் எலும்பளவு. அங்கே ரொனால்ட் ஃபிஷரிடம் ஆய்வு மாணவராகச் சேரக் கேட்டபோது, ஆய்வுச் சிக்கலை நீயேதான் தேடிக்கொள்ள வேண்டும் என்பது ஃபிஷரின் நிபந்தனை. அதோடு அவருடைய மரபியல் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்டெலிகளைக் கவனித்துக்கொண்டே, எலும்பு அளவுகள் எழுப்பிய கேள்விகளையே ராவ் ஆய்வேடாக்கினார். ஓர் உயிரி எந்த வகையைச் சேர்ந்தது என்று அளவுகளைக் கொண்டு முடிவு செய்வது எப்படி என்பதே 1948ல் அவர் அளித்த ஆய்வேட்டின் பொருள். ஃபிஷர் தனக்குச் செய்ததைத்தான் ராவ் வரதனுக்குச் செய்தார்.

இங்கே இன்னொரு சென்னைக்காரரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930ல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியிலேயே, வெள்ளைக் குறுமீன்கள் எனப்படும் விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்று கணக்கிட்டுவிட்டார். அவருடைய பெயரை நிலைக்க வைத்த கண்டுபிடிப்பு அது. ஆனால் கேம்பிரிட்ஜில் அதை ஆய்வேடாக அவர் கொடுக்கவில்லை. சோர்ந்து போய், இயற்பியலாளர் டிராக் சொன்ன யோசனைப்படி கோபன்ஹேகன் போனார். அங்கே அடிப்படை இயற்பியலில் ஒரு சிக்கலை எடுத்து எழுதிய கட்டுரையில் பிழை இருப்பது தெரிந்து அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. உதவித்தொகைக் காலம் முடிந்துகொண்டிருந்தது. சுழலும் வாயுக் கோளங்களின் சமநிலை என்ற, கைக்கு அடக்கமான விஷயத்தை வைத்து 1933ல் பட்டத்தை முடித்தார். பிறகுதான் குறுமீன்களிடம் திரும்பினார். 1935ல் வானியலாளர் எடிங்டன் அதைப் பொது மேடையில் எள்ளி நகையாடியது தனிக் கதை. ஆய்வேட்டுப் பொருளை வாழ்நாள் பொருளாக எண்ணி மாணவர்கள் கட்டிக்கொண்டு அழும்போதெல்லாம் சந்திரசேகரின் அந்த 1933ஐச் சொல்லத் தோன்றுகிறது.

வரதனுக்கு வருவோம். 1962ல் கொல்மகோரவ் நிறுவனத்துக்கு வந்தார். நிகழ்தகவுக் கணிதத்துக்கு 1933ல் அடித்தளம் போட்டவரே நேரில் வந்து உட்கார்ந்திருக்க, இருபத்திரண்டு வயது வரதன் தன் ஆய்வைப் பற்றி உரையாற்றினார். உரை நீண்டுகொண்டே போயிற்று. கேட்டவர்கள் களைத்துப்போனார்கள். முடிந்ததும் கொல்மகோரவ் கருத்துச் சொல்வதற்காகக் கரும்பலகைக்குப் போனபோது கூட்டம் எழுந்து கலையத் தொடங்கியது. அவர் சுண்ணக்கட்டியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்துவிட்டார். பட்டம் போயிற்று என்றே வரதன் நினைத்தாராம். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு நிலைமையைச் சரிசெய்தார்கள். ஆய்வேட்டைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொல்மகோரவ் மாஸ்கோ திரும்பினார். தேர்வாளர்களில் ஒருவராக அவர் பின்னர் அனுப்பிய அறிக்கை, இது மாணவனின் வேலை அல்ல, முதிர்ந்த வல்லுநரின் வேலை என்ற பொருளில் அமைந்திருந்தது. 1963ல் பட்டம் வந்தது.

அதே 1962ல் வரதராஜன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தார். கணித அறிஞர் ஹரிஷ் சந்திரா ஆராய்ந்த லீ குலங்கள் அவர் தலைக்குள் ஏறியிருந்தன. வந்ததும் நண்பர்களையும் அதற்குள் இழுத்தார். பார்த்தசாரதி, ரங்கா ராவ், வரதராஜன் மூவரும் சேர்ந்து செய்த வேலை 1967ல் ‘அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்’ இதழில் வந்து, மூவர் பெயரின் முதலெழுத்துகளால் இன்றும் அறியப்படுகிறது. அதில் கடைசி எழுத்து வரதன் என்று பலர் தவறாக நினைப்பதுண்டு. அவர் நிகழ்தகவிலேயே நின்றுகொண்டார். நண்பர்களால் ஒரு பாதைக்கு வந்தவர், நண்பர்கள் வேறு பாதைக்குப் போனபோது கூடவே போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் வழக்கம் வேறு. முதலில் தலைப்பு, அப்புறம்தான் கேள்வி. நெறியாளர் கையிலுள்ள பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துப் பதிவு செய்கிறோம். பதிவான தலைப்பை மாற்றத் தனி விண்ணப்பம், தனிக் குழு, தனிக் கட்டணம். ஆறு மாதத்தில் மனம் ஒட்டவில்லை என்று தெரிந்தாலும் நான்கு வருடம் அதையே இழுத்துக்கொண்டு போகும் மாணவர்கள் துறைக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். தலைப்பைப் பதிவு செய்யும் முன் ஓராண்டு படித்து, பேசி, கரும்பலகையில் சண்டை போட்டுத் தேட இடம் கொடுக்கும்படி கேட்பது பெரிய சலுகை அல்ல. 1959ன் கல்கத்தாவில் அது நடந்தது. இன்றைய சென்னையிலும் மதுரையிலும் நடக்காமல் இருக்கக் காரணம் இல்லை.

பட்டம் வாங்கிய கையோடு வரதன் நியூயார்க்கின் கூரன்ட் நிறுவனத்துக்குப் போனார். பழைய தொப்பித் தொழிற்சாலைக் கட்டடத்தில் சன்னல் இல்லாத அறை கிடைத்தது. அங்கே நிகழ்தகவு அறிஞர் மன்ரோ டான்ஸ்கரின் பக்கத்தில் புதிய கேள்விகள் வந்தன. மிக அரிதாக நடக்கும் நிகழ்ச்சிகளின் வாய்ப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் கணிக்கும் பெரு விலகல் கோட்பாட்டின் முதல் பெரிய கட்டுரையை 1966ல் வெளியிட்டார். காப்பீட்டுக் கணக்கிலிருந்து தொலைபேசி இணைப்பகம் வரை இன்று அது பயன்படுகிறது. நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து ஏபல் பரிசுக் குழு தன் ஒரு வரிப் பாராட்டில், நிகழ்தகவுக்கு அவர் ஆற்றிய பணியைச் சொல்லி, குறிப்பாகப் பெரு விலகல்களைத்தான் எடுத்துக் காட்டியது. குலங்கள் பற்றிய 1963ஆம் ஆண்டு ஆய்வேட்டின் பெயர் அந்த வரியில் இல்லை.